போதைப்பொருள் சோதனையில் இரு அணிகள் எதிரெதிரே நிற்காதிருக்க: டர்பன் சூழலுக்கான முழுமையான வழிகாட்டி

2017 நவம்பரில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில், போதைப்பொருள் விற்பவர்களைப் போல வேடமிட்டு, வாங்க வருகிறவர்களைப் பிடிப்பதற்காகக் காவலர்கள் சிலர் தெருவில் காத்திருந்தார்கள். அதே நகரக் காவல்துறையின் வேறொரு வட்டத்தைச் சேர்ந்த அணி ஒன்று அவர்களை உண்மையான விற்பனையாளர்கள் என்று எண்ணித் தரையில் படுக்கச் சொன்னது. உண்மை தெரிவதற்குள் இரு தரப்பும் கைகலந்துவிட்டன. அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன், 2015 ஜனவரியில், அல்புகர்கி நகரில் நடந்தது இன்னும் மோசம். சுமார் 60 டாலர் பெறுமான போதைப்பொருளுக்காக மாறுவேடத்தில் காருக்குள் இருந்த காவலரை, கைது செய்ய வந்த அவருடைய சொந்தப் பிரிவின் மேலதிகாரியே சுட்டுப் படுகாயப்படுத்தினார். இரண்டு சம்பவங்களிலும் ஆபத்து வந்தது சக காவலரிடமிருந்துதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் தமிழர்களுக்கு இது எங்கோ நடந்த கதை அன்று. ‘ஷுகர்ஸ்’ என்று சொல்லப்படும் மலிவான ஹெராயின் கலவை, நகரின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர் வீடுகளுக்குள்ளேயே நுழைந்தது. அதைத் தடுக்கக் கதவை உடைத்துக்கொண்டு போகிறவர்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சோதனையைத் திட்டமிடும் அதிகாரிகளுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சமூகக் காவல் மன்றங்களில் இருப்பவர்களுக்குப் பயன்படும் பகுதியும் நடுவில் உண்டு.

முதல் படி: களத்தில் யார் யார் இருக்கக்கூடும் என்று எழுதிவையுங்கள்

சாட்ஸ்வொர்த்தில் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் எத்தனை அமைப்புகள் வேலை செய்யக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தின் துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள். 2009இல் உருவாக்கப்பட்டு ‘ஹாக்ஸ்’ என்று அழைக்கப்படும் முன்னுரிமைக் குற்றப் புலனாய்வு இயக்குநரகமும், அதன் போதைப்பொருள் பிரிவும் இருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் இயங்கும் குற்ற உளவுப் பிரிவு இருக்கிறது. 1995ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின்படி குற்றத் தடுப்பையும் தன் கடமையாகக் கொண்ட எதெக்வினி (டர்பன் மாநகராட்சி) மெட்ரோ போலீஸ் இருக்கிறது. துறைமுகப் பக்கம் போனால் வருவாய்த்துறையின் சுங்கப் பிரிவும், 2023 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட எல்லை மேலாண்மை ஆணையமும் சேர்ந்துகொள்கின்றன. எல்லைப் பணிகள் பலவும் அந்த ஆணையத்தின்கீழ் வந்தபோதும் சுங்கம் தனியாகவே இருப்பதால், ஒரு கன்டெய்னரைப் பின்தொடரும் அணி குறைந்தது இரண்டு கட்டளைச் சங்கிலிகளோடு பேசியாக வேண்டும்.

பெரிய கூட்டு நடவடிக்கைகளுக்கு மாகாண அளவில் ‘ப்ராவ்ஜாயின்ட்ஸ்’ என்னும் கூட்டுக் கட்டமைப்பும், தேவைப்படும்போது திறக்கப்படும் கூட்டுக் கட்டுப்பாட்டு மையமும் உண்டு. என் கருத்தில் உண்மையான ஆபத்து, அந்த மேசைக்கு வராத சிறு சோதனைகளில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை இன்ஃபார்மர் ஒருவரிடமிருந்து துப்புக் கிடைத்து நிலையத்திலிருந்து நான்கு பேர் புறப்படுவார்கள். அதே வீட்டுக்குள் வேறொரு பிரிவின் மாறுவேடக் காவலர் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு அமைப்பிலும் 24 மணி நேரமும் பதில் கிடைக்கக்கூடிய ஒரு பணிப்பொறுப்பையும் அதற்கான எண்ணையும் பட்டியலிடுங்கள். ஆளின் பெயரை எழுதினால் அவர் விடுப்பில் போன அன்றே பட்டியல் செத்துவிடும். மாதம் ஒரு முறை நள்ளிரவில் எல்லா எண்களையும் அழைத்துப் பார்ப்பது நல்லது. பகலில் எடுக்கப்படும் தொலைபேசிகளில் பல இரவில் எடுக்கப்படுவதில்லை.

இரண்டாம் படி: எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

ஒருங்கிணைப்பு என்றதும் அதிகாரிகள் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. 2021 நவம்பரில் போர்ட் ஷெப்ஸ்டனில் ஹாக்ஸ் அலுவலகத்திலிருந்தே 541 கிலோ கொக்கேய்ன் திருடுபோனது. அதன் மதிப்பு சுமார் 20 கோடி ராண்ட். காவல்துறைக்குள் குற்றக் கும்பல்களின் ஊடுருவல் இருப்பதாக எழுந்த குற்றச்சாட்டுகளை விசாரிக்க, 2025 ஜூலையில் நீதியரசர் மட்லாங்கா தலைமையில் விசாரணை ஆணையமே அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாட்டில், ‘எல்லோரும் எல்லாத் தகவலையும் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும் எந்த வழிகாட்டியையும் களத்தில் இருப்பவர் படித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்.

இதற்குத் தீர்வு, வழக்கையும் நிகழ்வையும் பிரித்து வைப்பதில் இருக்கிறது. மோதலைத் தவிர்க்க மற்ற அணிக்குத் தேவைப்படுவது இடம், நேரம், செயலின் வகை, அழைக்க வேண்டிய எண் ஆகிய நான்குதான். இன்ஃபார்மர் யார், சரக்கு எவ்வளவு, பின்னால் இருப்பவர் எவர் என்பவற்றில் ஒன்றும் தேவையில்லை. அமெரிக்காவில் ரிஸ்சேஃப், சேஃப்டிநெட், கேஸ் எக்ஸ்புளோரர் என்னும் மூன்று பதிவு முறைகள் இந்த அடிப்படையில் இயங்குகின்றன. 2015இல் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஓர் அணி தன் நிகழ்வைப் பதிவு செய்யும். அதே இடத்திலும் நேரத்திலும் வேறொரு பதிவு இருந்தால், பேசிக்கொள்ளுமாறு இரு தரப்புக்கும் தகவல் போகும். பொருத்தம் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவராது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய மென்பொருள் வேண்டும் என்பதில்லை. பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் மூன்று நான்கு பேராக இருக்க வேண்டும், அவர்கள் சுழற்சி முறையில் 24 மணி நேரமும் பணியில் இருக்க வேண்டும், யார் எப்போது எதைத் திறந்து பார்த்தார் என்பது தானாகவே பதிவாக வேண்டும். தகவல் கசிந்தால் எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க முடியும் என்ற உறுதி இருந்தால்தான் மற்ற அமைப்புகள் பதிவு செய்ய முன்வரும்.

மூன்றாம் படி: பதிவில் எழுதும் விதம்

டர்பனில் ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நகரின் பழைய தெருக்கள் பல 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெயர் மாற்றப்பட்டன. பாயின்ட் ரோடு இப்போது மகாத்மா காந்தி ரோடு. கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட். ஓர் அணி பழைய பெயரிலும் இன்னோர் அணி புதிய பெயரிலும் பதிந்தால், ஒரே கட்டடத்தின் இரு பதிவுகள் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்விடும். சாட்ஸ்வொர்த்திலோ யூனிட் எண், பழைய சாலை எண், பின்னால் வைத்த சாலைப் பெயர் என்று எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன. எனவே இடத்தை ஜிபிஎஸ் ஆயங்களாகத்தான் பதிய வேண்டும். முகவரியைத் துணைக்கு எழுதலாம். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமும் வரைந்துகொள்ளுங்கள். நெருக்கமான குடியிருப்பில் அரை கிலோமீட்டர் போதும். நெடுஞ்சாலைக் கண்காணிப்பு என்றால் பல கிலோமீட்டர் வேண்டியிருக்கும்.

ஆள்களைப் பொறுத்தவரை பெயரை மட்டும் நம்பக்கூடாது. நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்னும் நான்கு குடும்பப் பெயர்களைக் கொண்டு தேடினால் சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள். அதிலும் மூட்லி, முதலி, மூடலி என்று ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறைகளே பல. 13 இலக்க அடையாள எண், தொலைபேசி எண், வாகன எண் இவற்றில் ஒன்றாவது இல்லாத பதிவை ஏற்கக் கூடாது. குற்றப் பத்திரிகையிலும் காவலரின் பெயர்ப்பட்டையிலும் ஒரே குடும்பப் பெயர் வருவது நம் பகுதியில் சாதாரணம் என்பதால், அணியில் உள்ள எவருக்காவது சந்தேக நபர் உறவா என்பதைத் திட்டமிடும்போதே கேட்டுவிடுங்கள். உறவென்றால் அவரை அந்த ஒரு நடவடிக்கையிலிருந்து மரியாதையாக ஒதுக்கி வைப்பது அவருக்கும் நல்லது.

நேரத்தைப் பதியும்போது தொடக்கத்தை மட்டுமல்லாமல் முடிவையும் குறிக்க வேண்டும். கண்காணிப்பு தொடங்கும் நேரமே நிகழ்வின் தொடக்கம். கதவை உடைக்கும் நேரத்தைத் தொடக்கமாகப் பதிந்தால், அதற்கு முன் காருக்குள் ஆயுதத்தோடு உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரமும் பதிவில் விடுபட்டுப்போகும். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்ய முயலுங்கள். அவசரம் என்றால் வண்டியில் போகும்போதே தொலைபேசியில் சொல்லிப் பதியலாம்.

நாள் குறிக்கும் முன் நம் பண்டிகைக் காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளியை ஒட்டி மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்தச் சாலைகளில் வாகனம் நகராது. தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியே வளையத்தில் நிற்பவர் உள்ளே சூடு நடந்ததா என்று ஊகிக்க வேண்டிய நிலையில் எந்த அணியையும் வைக்கக்கூடாது.

நான்காம் படி: பொருத்தம் வந்தால் யார் விலகுவது

இந்த விதியை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைக்காவிட்டால் மற்ற எல்லாம் வீண். பொருத்தம் வந்தவுடன் இரு அணித் தலைவர்களும் நேரடியாகப் பேச வேண்டும். பேசி முடிக்கும்வரை இருவரில் எவரும் நகரக்கூடாது. மாறுவேடக் காவலர் உள்ளே இருக்கும் நடவடிக்கைக்கே எப்போதும் முன்னுரிமை தர வேண்டும் என்பது என் பரிந்துரை. அவரை வெளியே எடுக்க நேரம் பிடிக்கும். வாரண்டோடு வெளியே நிற்கும் அணி இன்னொரு நாள் வரலாம். உடன்பாடு எட்டாவிட்டால் முடிவு சொல்ல வேண்டிய மேலதிகாரி யார் என்பதும் விதியிலேயே இருக்க வேண்டும். பிடிபடும் சரக்கு எந்த அமைப்பின் கணக்கில் வரும் என்ற போட்டிதான் இந்த உரையாடல்களைப் பெரும்பாலும் கெடுக்கிறது. விலகிய அணியின் பெயரையும் வெற்றி அறிக்கையில் சேர்ப்பது என்று முன்னரே ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

ஐந்தாம் படி: சட்ட அனுமதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரண்டில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் சோதனை பகலில்தான் நடக்க வேண்டும். விடியற்காலைத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவிக்காமல் நுழைய 27ஆம் பிரிவு இடம் தருவது, பொருள் அழிக்கப்படும் என்று நியாயமாக நம்பக் காரணம் இருக்கும்போதுதான். போதைப்பொருள் சட்டத்தின் 11ஆம் பிரிவு அளித்திருந்த, வாரண்ட் இல்லாமல் சோதனையிடும் விரிந்த அதிகாரத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் குஞ்சானா வழக்கில் ரத்து செய்துவிட்டது. மாறுவேடக் கொள்முதலுக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஏ பிரிவின்படி அரசு வழக்குத் தொடர்வுத் துறையின் முன் ஒப்புதல் இருந்ததா என்பதை நீதிமன்றம் எடைபோடும். கூட்டு அணி என்றால் எந்த அமைப்பின் அதிகாரத்தில் எவர் நுழைகிறார் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஆறாம் படி: புறப்படும் முன் விளக்கக் கூட்டம்

விளக்கக் கூட்டத்துக்கு வராதவர் வண்டியில் ஏறக்கூடாது. பதவியில் எவ்வளவு மூத்தவரானாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். நடுவழியில் வந்து சேரும் மேலதிகாரிதான் மாறுவேடக் காவலரின் முகத்தை அறியாதவர்.

மாறுவேடத்தில் இருப்பவரின் அன்றைய உடையோடு எடுத்த புகைப்படம் ஒவ்வொருவர் கையிலும் போக வேண்டும், கூட்டம் முடிந்ததும் அது திரும்பப் பெறப்பட வேண்டும். கைதின்போது அவர் மற்றவர்களோடு சேர்ந்து தரையில் படுத்து, கைகளை விரித்து, சொன்னபடி அசையாமல் கிடக்க வேண்டும். தன்னைக் காவலர் என்று நிரூபிக்கச் சட்டைப்பைக்குள் கைவிடவே கூடாது. ‘நிறுத்து’ என்பதற்கான ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு பிரிவு ஜூலுவிலும் இன்னொன்று ஆங்கிலத்திலும் கத்திப் பழகியிருக்கும் என்பதால், அந்தச் சொல் இரு தரப்புக்கும் காதில் விழுந்தவுடன் புரிவதாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும் உரிமை கடைநிலைக் காவலருக்கும் உண்டு.

ஏழாம் படி: வீட்டைச் சுற்றி நிற்கும் இடம்

சாட்ஸ்வொர்த்தின் பழைய நகராட்சி வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். சரிவான குன்றின்மேல் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பின்புறத்தில் பிற்காலத்தில் சேர்த்த அறை, அதற்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே தோள் உயரச் சுவர், சுவருக்கு அப்பால் கீழ்த் தெருவுக்கு இறங்கும் குறுகிய படிக்கட்டு. மேல் தெருவிலிருந்து முன்வாசலுக்கு ஓர் அணி வருகிறது. கீழ்த் தெருவிலிருந்து படியேறி இன்னோர் அணி பின்வாசலை அடைகிறது. பின்கதவு திறந்து ஒருவன் ஓடிவரும்போது, சுவரின் இரு பக்கமும் துப்பாக்கியோடு நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் நேர்க்கோட்டில் இருப்பார்கள். சரிவு காரணமாக மேலே நிற்பவரின் குறி கீழே நிற்பவரின் தலை மட்டத்தில் இருக்கும்.

ஆகவே வீட்டின் நான்கு மூலைகளுக்கும் எண் கொடுத்து, எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேரை மட்டும் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பக்கச் சுவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும், ஒருவர் குறிக்குள் மற்றவர் வரமாட்டார். நுழைவது ஒரே அணி, ஒரே வாசல் வழியாக. வெளிவளையத்தில் நிற்பவர், வெவ்வேறு அமைப்பினராக இருந்தால் இன்னும் கண்டிப்பாக, அழைக்காமல் உள்ளே வரக்கூடாது. ஆயுதத்தோடு எதிர்ப்பு வரும் என்று தகவல் இருந்தால், தேசியத் தலையீட்டுப் பிரிவு போன்ற பயிற்சி பெற்றவர்களிடம் நுழைவை விட்டுவிடுவதே முறை.

எட்டாம் படி: அக்கம்பக்கமும் தனியார் பாதுகாவலரும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படி அவ்வளவாக இருக்காது. நம் நாட்டில் இதுவே மிக முக்கியம். நீல விளக்கு வைத்த காரில் வந்து காவலர் போல நடித்துக் கொள்ளையடிக்கும் கும்பல்கள் இங்கே பல ஆண்டுகளாக உண்டு. ஆகவே விடியற்காலையில் சாதாரண உடையில் ஆறு பேர் துப்பாக்கியோடு சுவர் ஏறினால், பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைக் கொள்ளையர் என்று நினைப்பதே இயல்பு. அவர் காவல்துறையின் அவசர எண்ணான 10111ஐ அழைப்பார், அல்லது தன் பாதுகாப்பு நிறுவனத்தின் அவசரப் பொத்தானை அழுத்துவார், அல்லது உரிமம் பெற்ற தன் துப்பாக்கியை எடுப்பார். அவசரப் பொத்தானுக்கு ஆயுதப் பாதுகாவலர்கள் சில நிமிடங்களில் வந்துவிடுவார்கள். சோதனைக்கு உள்ளாகும் வீட்டுச் சுவரிலேயே அதே நிறுவனத்தின் பலகை தொங்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். போதைப்பொருள் விற்பவரும் மாதச் சந்தா கட்டுகிறவர்தான்.

முன்கூட்டியே சொன்னால் கசியும், சொல்லாவிட்டால் மோதல் வரும். இதற்கு நடைமுறை வழி நேரத்தைக் கொண்டு தீர்ப்பதே. கதவில் கை வைக்கும் அதே நிமிடத்தில், அந்த ஒரு வேலைக்காகவே நியமிக்கப்பட்ட அதிகாரி 10111 கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளருக்கும், அப்பகுதியில் சேவை செய்யும் பாதுகாப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் தகவல் தர வேண்டும். நிறுவனங்கள் அதை 10111 வழியாகச் சரிபார்க்க ஒரு குறிப்பு எண்ணும் கொடுக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தொலைபேசி அழைப்பையும் ஒரு கொள்ளைக் கும்பல் செய்யக்கூடும். சாதாரண உடையில் இருப்பவர்கள் காரிலிருந்து இறங்கும் முன்பே, முன்னும் பின்னும் ‘போலீஸ்’ என்று எழுதிய குண்டு துளைக்காத அங்கியை அணிந்திருக்க வேண்டும். சீருடையிலுள்ள இருவரும் அடையாளமிட்ட வாகனம் ஒன்றும் தெருவில் முதலில் கண்ணில் படும்படி நிற்க வேண்டும்.

சமூகக் காவல் மன்றத்தினருக்கு ஒரு வேண்டுகோள். தெருமுனையில் வெகுநேரமாக நிற்கும் வெள்ளை காரின் படத்தை எண் பலகையோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் காரில் இருப்பது கண்காணிப்பு அணியாக இருந்தால், அதே குழுவில் சந்தேக நபரின் அண்ணனோ மாமாவோ இருக்கும் பட்சத்தில், உள்ளே இருக்கும் மாறுவேடக் காவலரின் உயிர் அந்தப் படத்தில் தொங்குகிறது. படம் எடுங்கள், குழுவில் போடாமல் நிலையத்தின் பணி அதிகாரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: தொடர்பு

மெட்ரோ போலீஸ் வானொலியும் தேசியக் காவல்துறை வானொலியும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். மிகப் பழைய உபாயமே இங்கு மிக நம்பகமானது: ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் ஓர் அதிகாரி தன் வானொலியோடு கட்டளை வாகனத்தில் அருகருகே உட்கார்ந்திருப்பது. குறியீட்டு எண்கள் அமைப்புக்கு அமைப்பு மாறும் என்பதால் எல்லோருக்கும் புரியும் சாதாரணச் சொற்களில் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. மின்வெட்டு நீண்டால் கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துபோகும்.

பத்தாம் படி: காயமும் இரசாயனமும்

அருகிலுள்ள ஆர்.கே. கான் மருத்துவமனைக்கா, காட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கா, எந்தக் காயத்துக்கு எங்கே என்பதை முன்னமே மருத்துவ உதவியாளரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஹிகின்சன் நெடுஞ்சாலை நெரிசலில் இருந்தால் மாற்று வழி எது என்பதை ஓட்டுநர் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை ஒவ்வொருவரிடமும் ஒரே இடத்தில், இரு கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். வேற்று அமைப்பினரும் தேடாமல் எடுக்க அப்போதுதான் முடியும்.

மாண்ட்ராக்ஸ் மாத்திரையோ ‘டிக்’ எனப்படும் மெத்தாம்பெட்டமினோ தயாரிக்கும் கூடம் என்று தெரிந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மின்விசையைத் தொடாதீர்கள், அடுப்பை அணைக்க முயலாதீர்கள், எந்தப் பாத்திரத்தையும் நகர்த்தாதீர்கள். தடய அறிவியல் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவினர் வரும்வரை தெருவை மூடி வைப்பது போதும்.

பதினோராம் படி: முடிந்த பிறகு

கைப்பற்றிய சரக்கை எந்த அமைப்பு எடுத்துச் செல்லும், எந்த நிலையத்தின் எஸ்ஏபி 13 என்னும் சான்றுப்பொருள் பதிவேட்டில் ஏறும் என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். இரு அமைப்பினரின் முன்னிலையில் எடைபோட்டு, முத்திரையிட்டு, முத்திரை எண்ணை இருவரும் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிச் சூடு நடந்திருந்தால், எந்தக் காவல் அமைப்பின் துப்பாக்கியானாலும், 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுயேச்சைக் காவல் புலனாய்வு இயக்குநரகமான ஐபிஐடிக்கு உடனே தகவலும், 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூல அறிக்கையும் போக வேண்டும். மெட்ரோ போலீஸும் அதன் அதிகார வரம்புக்குள் வருகிறது. இரு அமைப்புகள் இருந்த இடத்தில் ‘மற்றவர் அறிவிப்பார்’ என்று இருவருமே விட்டுவிடுவது சுலபமாக நடக்கும் என்பதால், அறிவிக்கும் கடமை யாருடையது என்று பெயரிட்டு எழுதிவையுங்கள்.

கடைசியாக, கட்டளை அதிகாரி ஆள்களை எண்ணிச் சரிபார்த்து, 10111க்கும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் நடவடிக்கை முடிந்ததைச் சொல்லி, பதிவை மூட வேண்டும். மூடாமல் விட்ட பதிவுகள் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு தேடலிலும் பொய்ப் பொருத்தங்கள் வரத் தொடங்கும். அடுத்து வரும் அணித் தலைவர் ‘இதுவும் பழைய பதிவாகத்தான் இருக்கும்’ என்று அழைக்காமலே புறப்பட்டுவிடுவார்.